குற்றத்தால் இடருற்றோரும் அவர்க்குரிய துணைகளும்

திருவாரூரிலிருந்து அரசாண்ட மனுநீதிகண்ட சோழனுடைய வரலாற்றை அறியாத தமிழ் மாணவர் இலர். அரசிளங்குமரன் ஊர்ந்த தேரின்கீழ் ஆன்கன்று ஒன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலிற் சென்று ஆராய்ச்சி மணியைத் தன் கோட்டினால் அசைத்தது. உண்மை உணர்ந்த வேந்தன் தன் ஒரு மகன்மேல் தேரைச் செலுத்துமாறு அமைச்சனைப் பணித்தான். அமைச்சன் அது செய்யமாட்டாது உயிர்நீத்தான். பின்னர் அரசன் தானே அதனைச் செய்து முடித்தான். பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பிற் சேக்கிழார் பெருமான் விரித்துப் பாடிய இவ்வரலாற்றை, எல்லாளன்மேல் வைத்து மகாவமிசமும் கூறுகின்றது. இரு நூல்களும் மன்னனது நடுவுநிலைமையைப் போற்றுகின்றன. அது போற்றுதற்குரியதே. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. மணியடித்த பசுவுக்குக் கிடைத்தது யாது?

சேக்கிழார் இவ்வினாவைக் கைவிட்டாரல்லர். இறைவன் வீதியில் எழுந்தருளிக் கன்றையும் குமரனையும் அமைச்சனையும் உயிர்பெற்றெழச் செய்தான் என்று வரலாற்றை முடிக்கின்றார். மன்னன் செய்தது தண்டம்; பசுவின் துயரைத் தீர்த்தது திருவருள். மகாவமிசக் கதையிலோ கன்று எழவில்லை. ஆனால் அந்நூலில் அதே மணியை ஒரு முதியவளும் வந்து அசைக்கின்றாள். வெயிலில் அவள் உலரவிட்ட அரிசி பருவமல்லாப் பருவத்து மழையால் நனைந்துபோயிற்று. அங்கே குற்றவாளி ஒருவருமில்லை, தண்டிக்கத்தக்கார் யாருமில்லை. எனினும் எல்லாளன் அவளை வாயிலினின்றும் திருப்பி அனுப்பாது, தானே உண்ணாநோன்பு கிடந்து, இனி மழை வாரத்துக்கு ஒருமுறை நள்ளிரவிலே பெய்யும்படி வரம் பெற்றான் என்பர். தண்டித்தல் ஒரு தொழில், இடருற்றவரின் குறையைக் கேட்டு அதற்கு வழிசெய்தல் மற்றொரு தொழில் என்பதற்கு இவ்விரு கதைகளினும் எளிய விளக்கம் கிடைப்பது அரிது.

இக்காலக் குற்றவியல் நீதி முதலாவது தொழிலையே தன் தலையாய கடனாகக் கொண்டு வளர்ந்தது. ஒருவன் மற்றொருவனை வெட்டினால் அஃது அரசுக்கு எதிரான குற்றமாகக் கொள்ளப்படும். வழக்கைத் தொடுப்போர் பொலிசாரோ சட்டமா அதிபரோ ஆவர். எதிரிக் கூண்டில் நிற்பவன் வெட்டியவன். வெட்டுண்டவனுக்கு அவ்வழக்கில் உள்ள இடம் யாது? அவன் ஒரு சாட்சி. அழைக்கும் நாளில் வரல்வேண்டும். கேட்டதற்கு விடை பகரல்வேண்டும். பின்னர் வீடு செல்லலாம். எதிரிக்குச் சட்டத்தரணி உண்டு. எதிரியின் உரிமைகள் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளன. சிறை சென்றாற் சோறும் மருத்துவமும் அரசின் செலவு. இவையெல்லாம் நாகரிகமுள்ள நாட்டுக்கு வேண்டுவனவே. ஆனால் வெட்டுண்டவனுடைய கை வழங்காமற் போனமையால் அவன் வீட்டு அடுப்பு எரிகின்றதா என்று கேட்பதற்கு அவ்வமைப்பில் நெடுங்காலம் எவரும் இருந்திலர்.

பண்டைய சட்டங்கள் இத்துணை மறதி உடையன அல்ல. பாபிலோனிய மன்னன் அமுராபி கல்லிற் பொறித்த சட்டத்தில், கொள்ளையன் பிடிபடாவிடின் கொள்ளை நிகழ்ந்த ஊரும் அதன் தலைவனுமே இழந்தவனுக்கு ஈடுசெய்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. களவுபோன பொருளை மீட்க இயலாதாயின் அரசன் தன் பண்டாரத்திலிருந்து கொடுத்தல் வேண்டும் என்று கௌடிலியரின் அருத்தசாத்திரம் கூறும். காவற்குரிய இறையை வாங்கியவன் காவாதொழிந்தால் இழப்பும் அவனையே சாரும் என்பது இவற்றின் அடிப்படை. பிற்கால அரசுகள் தண்டப்பணத்தைத் தம் கருவூலத்துக்கு எடுத்துக்கொண்டன. ஈடுசெய்யுங் கடனை மட்டும் மெல்ல நழுவவிட்டன.

அக்கடனை இருபதாம் நூற்றாண்டில் நினைவூட்டியவர் ஒரு பெண்மணி. மாஜரி பிறை என்பார் இங்கிலாந்திலே சிறைச் சீர்திருத்தத்துக்கும் மரணதண்டனை ஒழிப்புக்கும் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். ஒக்ஸ்போட் சமவில் கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர். கைதிகளின் தோழி என்று அறியப்பட்ட அவரே, எண்பது வயதைக் கடந்தபின், 1957இல் 'ஒப்சேவர்' பத்திரிகையில் இடருற்றோர்க்கு நீதி வேண்டும் என்று எழுதினார். அதில் அவர் எடுத்துக்காட்டிய செய்தி ஒன்று இன்றும் பேசப்படுவது. இருவரால் தாக்கப்பட்டுக் கண்பார்வை இழந்த ஒருவருக்கு 11,500 பவுண் இழப்பீடு தீர்ப்பாயிற்று. தாக்கியவர் இருவரும் வறியவர். ஆதலால் ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஐந்து ஷில்லிங் செலுத்துமாறு கட்டளை பிறந்தது. இருபது ஷில்லிங் ஒரு பவுண் ஆதலின், இருவருஞ் சேர்ந்து வாரத்துக்குச் செலுத்துவது அரைப் பவுண். கணக்கு மாணவர் எவரும் இதனைச் செய்து பார்க்கலாம்: 23,000 வாரம். கண்ணிழந்தவர் தம் தொகை முழுவதையும் பெறுதற்கு இன்னும் 442 ஆண்டுகள் வாழ்தல் வேண்டும்! தீர்ப்பில் நீதி இருந்தது. கையிற் காசு இல்லை. குற்றவாளியிடமிருந்து மட்டுமே ஈடு பெறலாம் என்னும் விதி எத்துணைப் பொய்யான ஆறுதல் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பிறை அம்மையார் 1958இல் மறைந்தார். அவர் வேண்டியதை முதலிற் சட்டமாக்கிய நாடு நியூசிலாந்து. குற்றத்தால் உடலூறு பட்டோர்க்கு அரசே இழப்பீடு வழங்கும் சட்டம் அங்கு 1963இல் நிறைவேறி 1964 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானியாவும் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. 1965இல் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் பின்தொடர்ந்தது. யப்பானில் 1974ஆம் ஆண்டு தோக்கியோ நகரத்துப் பெருநிறுவனம் ஒன்றின் வாயிலில் வெடித்த குண்டு மக்களின் மனத்தை மாற்றி 1980இல் அங்கும் இத்தகைய சட்டத்தைப் பிறப்பித்தது. இந்தியக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையில் 2009ஆம் ஆண்டு முதல் மாநிலந்தோறும் இழப்பீட்டுத் திட்டம் வகுக்கப்படல் வேண்டும் என்ற பிரிவு இடம்பெற்றது.

பணம் ஒன்றே துணையாகாது என்பதைக் காட்டியது இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரம். 1974இல் அங்கு அமைந்த சிறு குழுவொன்று, பொலிசாரிடம் முறைப்பாடு செய்தோரின் வீடுகளுக்குச் சென்று, கதவுடைந்திருப்பின் தச்சனைத் தேடிக்கொடுத்தும், அஞ்சியிருப்பவரோடு சிறிது நேரம் அமர்ந்து பேசியும், படிவங்களை நிரப்பிக்கொடுத்தும் பணியாற்றியது. அதன் வித்து, சிறையினின்று மீண்டோர்க்கு உதவிசெய்த ஒரு சங்கத்தின் கலந்துரையாடல்களில் முளைத்தது என்பது கருதத்தக்கது. குற்றவாளிக்கு இரங்குவோர் இடருற்றவனுக்கு இரங்கார் என்று பலர் எண்ணுகின்றனர். பிறை அம்மையாரின் வாழ்வும் பிறிஸ்டல் நகரத்தாரின் முயற்சியும் அவ்வெண்ணம் பிழையென்று காட்டுகின்றன.

இவ்வாறு பல நாடுகளில் தனித்தனி எழுந்த கருத்துக்களை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985 நவம்பர் 29ஆம் நாள் ஒரு பிரகடனமாகத் தொகுத்தது. நீதியை அணுகுதலும் மதிப்புடன் நடத்தப்படுதலும், குற்றவாளி செய்யும் மீளளிப்பு, அரசு வழங்கும் இழப்பீடு, மருத்துவம் முதல் உளத்துணை ஈறாகிய உதவி என அது நான்கு நெறிகளை வகுத்தது. இவற்றுள் எதனினும் பயன்மிக்கது அதன் ஒரு வரையறை எனலாம். குற்றவாளி அடையாளங் காணப்பட்டாலும் படாவிட்டாலும், பிடிபட்டாலும் படாவிட்டாலும், தண்டிக்கப்பட்டாலும் படாவிட்டாலும், இடருற்றவர் இடருற்றவரே. முதியவளின் நனைந்த அரிசியை எல்லாளன் நோக்கியவாறே பிரகடனமும் இழப்பை நோக்குகின்றது.

இலங்கையின் நிலையை இனி நோக்குதல் தகும். போரினால் நேர்ந்த இழப்புகளுக்காக 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டு அலுவலகம் தனியாராய்ச்சிக்கு உரியது. ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது களவு, தாக்குதல், வன்புணர்ச்சி, குடும்ப வன்முறை முதலிய அன்றாடக் குற்றங்களே.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவு, குற்றவாளியெனக் காணப்பட்டவன் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு செலுத்துமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம் என்று கூறுகின்றது. 'இடலாம்' என்பது நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வன்புணர்ச்சி முதலிய குற்றங்களில் அதனை 'இடல்வேண்டும்' என்று ஆக்கிற்று. பின்னர் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், குற்றங்களினாற் பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளித்தற்கெனவே இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இப்பொழுது நடைமுறையில் உள்ளது. பாதிக்கப்பட்டவர் மதிப்புடனும் மறைவு பேணப்பட்டும் நடத்தப்படல், புலனாய்வும் வழக்கும் எந்நிலையில் உள்ளன என்று அறிதல், சட்டத்தரணி மூலம் தம் நலனை நீதிமன்றிற் காத்தல், மருத்துவ உதவி பெறுதல், அச்சுறுத்தலினின்றும் பாதுகாக்கப்படல் ஆகியவை இன்று உரிமைகள். இரந்து பெறுவன அல்ல. தேசிய அதிகாரசபை ஒன்றும், பொலிஸ் திணைக்களத்திலே தனிப்பிரிவு ஒன்றும், இழப்பீட்டுக்கான நிதியம் ஒன்றும் இச்சட்டவழி அமைந்துள்ளன. சாட்சியை மிரட்டுதலும் பழிவாங்குதலும் தனிக் குற்றங்களாக்கப்பட்டுள்ளன. ஒருவரைக் காப்பாற்றப் புகுந்து தாமே அடிபட்ட அயலவரும் பாதிக்கப்பட்டவருள் அடங்குவர் என்பது இச்சட்டங்களின் நல்லதோர் கூறு.

ஏட்டில் இத்துணை இருந்தும், அடிபட்டவர் ஒருவர் இவற்றை எவ்வழியில் அடைவார்? அத்துணைகள் ஒரே கூரையின்கீழ் இல்லை. பொலிஸ் நிலையம், மருத்துவமனை, பிரதேச செயலகம், சட்ட உதவி ஆணைக்குழு, நீதிமன்றம் என்று பல வாயில்களில் அவை சிதறிக் கிடக்கின்றன. எந்த வாயிலை முதலில் தட்டுவது என்று அறியாமையே பலரைத் துணையற்றவராக்குகின்றது. அதிலும் முதல் ஒருநாட் பொழுது எல்லாவற்றினும் முதன்மையானது.

காயம் பட்டவர் முதலிற் செல்லவேண்டிய இடம் மருத்துவமனை. பொலிசில் முறைப்பாடு எழுதிய பின்னரே மருத்துவம் செய்வர் என்னும் எண்ணம் ஊர்களிற் பரவியுள்ளது, அது பிழை. அரச மருத்துவமனை காயத்தை முதலிற் கவனிக்கும். அங்குள்ள பொலிசாருக்குச் செய்தி பின்னர்ப் போகும். சட்ட வைத்திய அதிகாரி உடலைப் பரிசோதித்து எழுதும் அறிக்கை, பல மாதங்களின் பின்னர் நீதிமன்றத்திற் பேசப்போகும் சான்று. வன்புணர்ச்சிக்கு ஆளானவர் நீராடுதலும் உடை துவைத்தலும் அச்சான்றைக் கழுவி விடுதலாகும். அழுக்குற்றதாக உணரும் ஒருவரை நீராடாதே என்று தடுப்பது கொடிதாகத் தோன்றலாம். எனினும் காரணத்தைப் பரிவோடு சொன்னால் அவர் உணர்ந்துகொள்வார். அவ்வுடைகளைக் காகித உறையிலிட்டு எடுத்துச் செல்லுதல் நன்று. நாட்டின் பல அரச மருத்துவமனைகளில், சிங்களத்தில் மிதுரு பியச என்றும் தமிழில் நட்பு நிலையம் என்றும் வழங்கும் பிரிவு ஒன்று உண்டு. வன்முறைக்கு ஆளானோர், பெரும்பாலும் பெண்கள், அங்குச் சென்று மறைவாகப் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போனதாகச் சொல்லிக்கொண்டும் நுழையக்கூடிய இடத்தில் அது அமைந்திருத்தலே அதன் பெரும் பயன்.

பொலிஸ் நிலையத்திற் சிறுவர், பெண்கள் பிரிவு உண்டு. முறைப்பாடு கொடுப்போர் அதன் இலக்கத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவ்விலக்கம் இல்லாவிடின் பின்னர் ஒவ்வொரு வாயிலிலும் கதையை முதலிலிருந்து சொல்ல நேரும். வாய்மொழியாகச் சொன்னது எழுதப்பட்டபின் சொன்னவர்க்கு வாசித்துக்காட்டப்படல் வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின் விதி. தமிழ் பேசுவோர்க்கு இவ்விதி உயிர்நாடி போன்றது. தாம் வாசிக்கவறியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்திற் கையொப்பமிட்டு, பின்னர்ச் சாட்சிக் கூண்டில் நிற்கையில், 'அன்று இவ்வாறு சொன்னீர், இன்று வேறு சொல்கின்றீரே' என்று குறுக்கு விசாரணையில் மடக்கப்படுதல் சிறு இடர் அன்று. பொலிஸ் நிலையங்களில் இருமொழியும் அறிந்த உத்தியோகத்தர் இருபத்துநான்கு மணி நேரமும் இருத்தல் வேண்டும் என்றும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் எழுதப்படல் வேண்டும் என்றும் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் வெளியான தன் அறிக்கையில் விதந்துரைத்தது. வடக்குக் கிழக்கு மாகாணங்களில் நீதிமன்றப் பதிவுமொழி தமிழே. ஆயினும் வழக்குக்கு வித்தாகிய முதல் ஏடு பிறமொழியில் இருப்பின் அதனால் விளையும் பயன் பாதியே. வாசித்துக் காட்டுமாறு கேட்பதும், பிழையிருப்பின் திருத்துமாறு கேட்பதும் முறைப்பாட்டாளரின் உரிமை. கேட்டாற் சினப்பரோ என்று அஞ்சிப் பேசாதிருப்போர் பலர். அவ்வச்சத்தைப் போக்க ஒரு வழி, விவரமறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுதல். ஊர்தோறும் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரேனும் இல்லாமற் போகார்.

குடும்பத்தினுள் நிகழும் வன்முறை வேறுவகைச் சிக்கலுடையது. அடித்தவனும் அடிபட்டவளும் இரவில் ஒரே வீட்டுக்குத் திரும்புகின்றனர். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்கென இயற்றப்பட்டது. நீதவான் நீதிமன்றில் விண்ணப்பித்தால் முதலில் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணையின் பின் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். வன்முறை செய்தவர் வீட்டிற்குள்ளும், அவள் தொழில் செய்யும் இடத்துக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் வராதவாறு கட்டளையிடவும், உடனடிப் பணவுதவி செய்யுமாறு பணிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. கணவனைச் சிறைக்கு அனுப்பும் நோக்கம் இதில் இல்லை. கட்டளையை மீறினால்தான் தண்டனை. 'அவர் மறியலுக்குப் போகவேண்டாம், அடிக்காமல் இருந்தாற் போதும்' என்று கூறும் பெண்கள் பலருக்கு ஏற்ற சட்டம் இதுவே. ஆயினும் இதனைப் பயன்படுத்துவோர் குறைவு. பொலிஸ் நிலையத்தில் இருவரையும் அழைத்துச் 'சமாதானமாகப் போங்கள்' என்று புத்தி சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழிந்திலது. அச்சமாதானம் எத்தனை இரவுகளுக்கு நிலைக்கும் என்பதை அப்புத்தி சொன்னவர் அறியார்.

சமாதானம் செய்தற்கெனச் சட்டம் வகுத்த இடமும் உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் பெரும்பாலும் வார இறுதி நாள்களிற் பாடசாலை மண்டபங்களிலேயே கூடுகின்றன. வேலிச் சண்டை, வசைமொழி, சிறுகாயம், சிறு சேதம் போன்றவை அங்குச் செலவின்றித் தீர்கின்றன. இழந்தவர் இழந்ததை விரைவிற் பெறுவதும் உண்டு. இருவரும் ஏறத்தாழ ஒத்த வலிமை உடையோராயின் இம்முறை நன்று. ஒருவர் மற்றவர்க்கு அஞ்சி வாழும் நிலையில் அது இணக்கமன்று, அடக்கம்.

பிள்ளைகளின் செய்தி ஆசிரியருலகத்துக்கு மிக அணித்தானது. துன்புறுத்தப்பட்ட பிள்ளை அதனை முதலிற் சொல்வது பெற்றோரிடமாக இராது. பெரும்பாலும் நண்பனிடமோ, தனக்கு விருப்பமான ஆசிரியரிடமோ சொல்லும். சொல்லாமலே காட்டுவதும் உண்டு: நன்றாகப் படித்த பிள்ளை தேர்விற் சரியும், விளையாட்டுக்கு முந்தியவன் திண்ணையில் ஒதுங்குவான், பாடசாலை விட்டபின்னும் வீடு செல்லத் தயங்குவாள். இந்நிலையில் ஆசிரியர் செய்யும் பிழை இரண்டு. ஒன்று, குடும்பத்தின் பெயரையோ பாடசாலையின் பெயரையோ எண்ணி மூடிவிடுதல். மற்றொன்று நல்லெண்ணத்தால் விளைவது: வகுப்பாசிரியர் ஒருமுறை, பகுதித் தலைவர் ஒருமுறை, அதிபர் ஒருமுறை என்று அப்பிள்ளையை மீட்டும் மீட்டும் கேட்டல். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பிள்ளை அத்துயரை மறுபடியும் அனுபவிக்கின்றது. அன்றியும் கேட்பவரின் வினாக்கள் விடையிற் கலந்துவிடுகின்றன. நீதிமன்றில் அஃது எதிரிக்குச் சாதகமாகும். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சான்றாக ஏற்க வழிவகுத்தது இக்காரணம் பற்றியே. ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கது, இடைமறியாது கேட்டு, பிள்ளை சொன்ன சொல்லிலேயே நாளிட்டு எழுதிவைத்து, உரிய இடத்துக்கு உடனே அறிவித்தல். யாருக்கும் சொல்லேன் என்று வாக்குக் கொடுத்தலும் ஆகாது. காக்க இயலாத வாக்கு அது.

உரிய இடம் எது? 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடுகளைக் கட்டணமின்றி ஏற்கின்றது. பெண்கள் தமக்கு நேர்ந்ததை 1938 என்னும் இலக்கத்தில் அறிவிக்கலாம். இவையன்றிப் பிரதேச செயலகத்திற் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும், உளவளத்துணையாளரும் பணியாற்றுகின்றனர். நன்னடத்தை அலுவலகமும் உண்டு. இவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி ஆசிரியர் ஓய்வறைச் சுவரில் ஒட்டிவைத்தற்கு ஆகும் செலவு ஒரு தாள்.

மனத்திற் பட்ட காயம் கண்ணுக்குத் தோன்றாமையால் அது துணைவேண்டுவது என்று பலர் உணரார். வீடு உடைத்துத் திருடப்பட்ட பின், நகைக்காக அன்றி, 'என் அறையில் அவன் நின்றானே' என்று உறங்காதிருக்கும் முதியோர் உளர். வழிப்பறிக்கு ஆளான இளம்பெண் அவ்வொழுங்கையால் மீண்டும் நடவாள். இவை கோழைத்தனம் அல்ல; அச்சம் உடலிலே பதிந்த அடையாளங்கள். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரின் உழைப்பால் உளவளத்துணை என்னும் சொல் மக்களுக்குப் பழகிற்று. சாந்திகம் போன்ற நிறுவனங்கள் அதனைப் பயிற்றின. கொழும்பிலே 1987இல் தோன்றிய விமன் இன் நீட் அமைப்பு, வன்முறைக்காளான பெண்களுக்கு உளத்துணையும் சட்ட உதவியும் ஒருங்கே அளித்து வருகின்றது. பைத்தியத்துக்கு மருந்தெடுக்கப் போகின்றான் என்னும் ஊர்ப்பேச்சு இன்னும் சிலரை அவ்வாயிலில் தடுத்து நிறுத்துவது வருந்தத்தக்கது.

பணவுதவியே இலங்கையில் யாவற்றினும் மெலிந்த பகுதி. நீதிமன்றம் கட்டளையிடும் இழப்பீடு குற்றவாளியின் கையிலிருந்து வருவது. அவன் பிடிபடல் வேண்டும், குற்றம் எண்பிக்கப்படல் வேண்டும், அவனிடம் பொருளும் இருத்தல் வேண்டும். மேன்முறையீடு நிகழ்ந்தால் அதுவும் முடிதல் வேண்டும். இங்கிலாந்துக் குருடரின் 442 ஆண்டுகள் இந்நாட்டிலும் வேறு வடிவில் உண்டு. அரசின் நிதியம் இவ்விடைவெளியை நிரப்பவே அமைக்கப்பட்டது. ஆயின் அப்படி ஒன்று உளது என்பதையே பாதிக்கப்பட்டோரிற் பலர் கேள்விப்பட்டிலர். அறியாதவர் விண்ணப்பியார்; விண்ணப்பியாதவருக்கு நிதியம் இருந்தென்ன? தலைநகரில் ஓர் அலுவலகம் இருப்பதினும், ஒவ்வொரு நீதவான் நீதிமன்ற வாயிலிலும் மும்மொழி அறிவித்தல் ஒன்று தொங்குதல் பெரிது.

களவுபோன பொருள் அகப்பட்டாலும் உடனே கைக்கு வாராது. தாலிக்கொடியோ துவிச்சக்கர வண்டியோ வழக்கின் சான்றுப்பொருளாக நீதிமன்றிற் கிடக்கும். வழக்கு முடியும்வரை காத்திருத்தல் வேண்டும் என்று எண்ணிப் பலர் வாளாவிருப்பர். அவ்வாறன்று, உரிமையைக் காட்டி, வேண்டும்போது கொண்டுவருவதாகப் பிணைமுறி எழுதிக்கொடுத்து அதனைப் பெற நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். இவ்வாறான விண்ணப்பங்களுக்குச் சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லாதோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானத்தை நோக்கி அது உதவி செய்யும். யாழ்ப்பாணத்திலும் அதன் அலுவலகம் உண்டு.

எஞ்சியது வழக்கு நாள். அடித்தவனும் அடிபட்டவரும் அவர்தம் உறவினரும் நீதிமன்ற விறாந்தையில் ஒன்றாகவே காத்திருக்கின்றனர். எதிரியின் தமையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் அதுவே போதும். ஒரு சொல்லும் வேண்டுவதில்லை. அன்றைய வழக்கு ஒத்திவைக்கப்படும். ஒருநாட் கூலி போகும். பேருந்துச் செலவும் போகும். அடுத்த தவணைக்கும் அவ்வாறே. நாலாம் தவணையில் 'எனக்கு ஒன்றும் நினைவில்லை' என்று சாட்சி கூறுவதன் காரணம் மறதி அன்று. நீதிமன்ற மண்டபத்துக்கு வராது வேறோர் இடத்திலிருந்து ஒலி ஒளிக் கருவிவழிச் சாட்சியம் அளிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது; 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்கின்றது. அச்சுறுத்தப்பட்டவர் அதனைப் பொலிசாருக்கோ அதிகாரசபைக்கோ நீதிமன்றத்துக்கோ அறிவித்துப் பாதுகாப்புக் கேட்கலாம். கேட்கலாம் என்று அவருக்குச் சொல்வதற்கு, அவ்விறாந்தையில் அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருத்தல் வேண்டும்.